எச்ஓ பி8 எஞ்சினில் புகை யூனிட்: சிம்னியில் துளை போடும் முன் சில சந்தேகங்கள்

#1 சிங்காநல்லூர்_லைன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட எச்ஓ அளவுல (நிஜத்துல 87ல ஒரு பங்கு) ஒரு பிரஷ்யன் பி8 (P8) நீராவி எஞ்சின் மாடல் இருக்கு, பிஆர் 38 நம்பர் போட்டது. மோட்டார் டெண்டர்ல, அதாவது பின்னால இருக்கிற கரி-தண்ணி வண்டியில. டெண்டர்லயே எட்டு பின் சாக்கெட், அதுல சவுண்ட் டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டார், விளக்கு, சத்தத்தை இயக்குற பலகை). ஓட்டத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல, சத்தமும் அருமை. ஆனா அந்தச் சிம்னி சும்மா இருக்கிறது கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கு. புகை யூனிட் போடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

யூனிட் இன்னும் வாங்கல. பாய்லர் முழுக்க பிளாஸ்டிக், சிம்னியும் அப்படித்தான். சூட்டைத் தாங்குமா? கரண்டை டிகோடர்ல இருந்தே எடுக்கலாமா, தனியா ஏதாவது வேணுமா? எண்ணெய்க்கு இங்க என்ன பண்றீங்க? வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம்னா, திரவம்னாலே கூரியர்ல யோசிக்கிறாங்க.

#2 பல்சக்கரம்

வாங்கும் முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று தம்பி. யூனிட்டைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினை அதற்கு ஏற்றபடி வெட்டுகிறவர்கள்தான் அதிகம்.

எச்ஓவில் பெரும்பாலும் புழங்குவது ஜெர்மனியின் சொய்ட்டே யூனிட். மார்க்லின் தன் பெயரில் விற்பதும் இதே தத்துவம்தான். வெளியே ஒரு மெல்லிய உலோகக் குழல், அதுவே எண்ணெய்த் தொட்டி. நடுவில் ஊசி கனத்தில் ஒரு நுண்குழல் செங்குத்தாக நிற்கும், அதை ஒட்டிச் சூடேறும் கம்பி. எண்ணெய் அடியிலிருந்து நுண்குழலுக்குள் ஏறி, சூட்டில் ஆவியாகி, விரிந்து, மேலே தள்ளிக்கொண்டு வரும். வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்து கண்ணுக்கே தெரியாத துளிகளாக மாறிவிடும். நமக்குப் புகையாகத் தெரிவது அந்தத் துளிகள்தான். உள்ளே எதுவும் எரிவதில்லை.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரிந்துவிடும். முதலாவது, எண்ணெய் மட்டம் நுண்குழலின் மேல்வாயை மூடக்கூடாது. மூடினால் ஆவிக்கு வழியில்லை, கொப்பளிக்கும், துப்பும், புகை வராது. புதிதாக வாங்கிய யூனிட் செத்துவிட்டது என்று எழுதுகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தக் கதைதான். டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு, கொஞ்சம் உறிஞ்சி எடுத்தால் யூனிட் உயிர் பெற்றுவிடும். இரண்டாவது, மேலே போன எண்ணெய் எல்லாம் எங்காவது வந்து உட்காரத்தான் செய்யும்.

சிம்னியின் உள்விட்டம் என்ன, அங்கிருந்து நேர் கீழே எத்தனை மி.மீ. காலி, அதற்கடியில் என்ன இருக்கிறது? இந்த மூன்றையும் அளந்து போடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

#3 ஓம்_விதி

கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன்.

யூனிட்டுகளை வோல்ட்டேஜ் பார்த்து ரகம் பிரித்து விற்கிறார்கள். 10 முதல் 16 வோல்ட் வரை ஒன்று, 16 முதல் 22 வரை இன்னொன்று, இப்படி. எச்ஓ டிசிசியில் (டிகோடர் வைத்து ஓட்டும் டிஜிட்டல் முறை) பாதையில் ஏறக்குறைய 15 வோல்ட் இருக்கும். டிகோடருக்குள் இருக்கும் டயோடு பாலம் 1.4 வோல்ட் போலச் சாப்பிட்டுவிடும். யூனிட்டுக்கு மிஞ்சுவது 13.6. ஆகவே முதல் ரகம்தான் வேண்டும். இரண்டாவதை வாங்கினால் நூல் மாதிரி ஒரு இழை வரும், அவ்வளவுதான்.

வாங்கியதும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். 96 ஓம் காட்டினால் 13.6 வோல்ட்டில் 142 மில்லி ஆம்பியர், 1.9 வாட். உங்கள் டிகோடர் கையேட்டில் ஒரு பங்ஷன் அவுட்புட்டுக்கு (விளக்கு, புகை போன்றவற்றுக்கான முனை) எவ்வளவு, எல்லா அவுட்புட்டும் சேர்ந்து எவ்வளவு என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் கீழே நிற்க வேண்டும். விளக்கு, மோட்டார், சவுண்ட் எல்லாம் அதே கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். தாங்காது என்று தெரிந்தால் நடுவே ஒரு சின்ன மாஸ்ஃபெட் (மின்சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போட்டு, யூனிட்டின் பளுவை அதன் தலையில் ஏற்றலாம்.

வயர் நிறம்: நீலம் பொது நேர்முனை, பச்சை முதல் துணை அவுட்புட். எட்டு பின் சாக்கெட்டில் நீலம் 7ஆவது, பச்சை 3ஆவது. யூனிட்டின் இரண்டு காலும் இந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும்.

ரொம்ப முக்கியமான ஒன்று. சில யூனிட்டில் ஒரு வயர்தான் வெளியே வரும், குழலின் உலோக உடம்பே இன்னொரு முனை. சேஸிஸ் வழியாகக் கரண்ட் திரும்பும் எஞ்சின்களுக்காகச் செய்தது அது. உங்கள் எஞ்சினுக்கு அது ஆகாது. உடம்பு பாய்லருக்குள் இருக்கும் உலோக எடைக்கட்டியில் பட்டு, எடைக்கட்டி சக்கரத்தோடு தொடர்பில் இருந்தால் டிகோடரின் கதை முடிந்தது. இரண்டு வயரும் தனித்தனியே வரும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

#4 லூப்லைன்

எதிர்ப்பேச்சு பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். எண்ணெய்த் துளி எங்காவது உட்காரும் என்று பல்சக்கரம் சார் சொன்னாரே, அது எங்கே உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள். தண்டவாளத்தில், சக்கரத்தில், டெண்டர் சக்கரத்தின் ரப்பர் டயரில், ஸ்டேஷன் கூரையில், மரங்களின் மேல். தண்டவாளத்தில் எண்ணெய், எண்ணெயில் தூசி, தூசியால் கரண்ட் தடங்கல், தடங்கலால் சவுண்ட் அறுந்து அறுந்து கேட்கும். நம்ம ஊர்த் தூசியில் இது சீக்கிரமே நடக்கும்.

இன்னொன்று, புகையை 87இல் ஒரு பங்காகச் சுருக்க முடியாது. நிஜ எஞ்சினில் சிம்னியிலிருந்து புகை சீறிக்கொண்டு கிளம்பும். இதில் ஊதுபத்தி மாதிரி நெளிந்து எழும். நல்ல சவுண்ட் டிகோடர் இருக்கும்போது இது தேவையா?

#5 மலையகப்பாதை

வணக்கம். நான் இருக்கிறது டொராண்டோவில, என்னட்ட இருக்கிறது ஓ கேஜ், எச்ஓவை விடப் பெரிய அளவு. அதனால எச்ஓ நுணுக்கம் நீங்கள் கதைக்கிறதுதான் சரி. ஆனா புகை எண்டு வந்தால் ஓ கேஜ்காரருக்கு அனுபவம் கூட. அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பனி லயனல் 1946இலயே புகை விட்டவை. அப்ப ஒரு பல்பின்ர தலையில சின்னக் குழி, அதுக்குள்ள அம்மோனியம் நைட்ரேட் வில்லை. பல்பின்ர சூட்டில அது புகையும். அடுத்த வருசமே அதை விட்டிட்டு, சூடாகிற கம்பிச்சுருளும் சக்கரத்தோட சேர்ந்து காத்தைத் தள்ளுற பிஸ்டனும் போட்டவை. சக்கரம் சுத்தினால் குபுக் குபுக் எண்டு வரும். இப்ப வாற யூனிட்டில அந்தப் பிஸ்டனுக்குப் பதிலா குட்டி ஃபேன்.

ஃபேன் யூனிட்டில எண்ணெயைப் பிடிச்சு வைச்சிருக்கிறது ஒரு பஞ்சுத் துண்டு. எண்ணெய் வத்தின பிறகும் ஓடவிட்டால் சூடாகிற இடத்தில பஞ்சு கருகிப்போகும். பிறகு எவ்வளவு ஊத்தினாலும் உறிஞ்சாது. கழட்டிப் பஞ்சு மாத்தத்தான் வேணும். உங்கட குழல் யூனிட்டில பஞ்சுத் தொல்லை இல்லை, எண்டாலும் வறள வறள ஓடவிடாதேங்கோ.

வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தால் ஒண்டு கேளுங்கோ. இந்த எண்ணெய் லாம்புக்கு ஊத்துற எண்ணெய் சாதியான பாரஃபின். பிள்ளை குடிச்சிட்டால் வயித்தை விட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. மண்ணெண்ணெய் குடிச்ச பிள்ளைக்குச் சொல்லுறதுதான் இதுக்கும்: சத்தி எடுக்க வைக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்கு. போத்தலைப் பூட்டி வையுங்கோ. ஓடேக்க யன்னலைத் திறந்து விடுங்கோ, ஆஸ்த்மா உள்ள ஆக்கள் அந்த அறையில இருக்கக்கூடாது.

#6 சிங்காநல்லூர்_லைன்

அளந்துட்டேன். சிம்னி உள்விட்டம் 4.1 மி.மீ. கீழ 11 மி.மீ. தான் காலி. அதுக்கடியில பாய்லர் நீளத்துக்கும் ஒரு எடைக்கட்டி, பின்பக்கம் ஒரு திருகு, முன்னால பாய்லருக்குள்ள சொருகியிருக்கு. புகைப்பெட்டிக் கதவு தனியா கழண்டு வருது. எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவுல இப்ப நாலு வயர் போகுது, இன்னும் ரெண்டு போக இடம் இருக்கு.

லூப்லைன் அண்ணா, நீங்க சொல்ற தூசிப் பிரச்சனை புரியுது. என்னோடது ஓவல் சுத்து, மேல கண்ணாடி மூடி போட்ட லேஅவுட். ஓட்டும்போது மட்டும்தான் மூடியைத் திறப்பேன். புகையை எப்பவும் விட மாட்டேன். ஸ்டேஷன்ல நின்னு கிளம்புற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

#7 பல்சக்கரம்

11 மி.மீ. போதாது. எடைக்கட்டியில்தான் இடம் தேட வேண்டும்.

கட்டியை எஞ்சினிலிருந்து கழற்றி வெளியே எடுத்து, வைஸில் பிடித்துத் துளையிடுங்கள். பாய்லருக்குள் வைத்தபடி சிம்னி வழியாக ட்ரில் விடுவது வேண்டவே வேண்டாம். பிசிர் போகாத இடமில்லை, அதிலும் சக்கரங்களின் இணைப்புத் தண்டுகளுக்குள் ஒரு துணுக்கு போய்விட்டால் அது அரைத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் டெண்டரில் இருப்பதால் இந்தக் கட்டி இழுவைக்கு உதவுவதைவிட, எஞ்சின் சக்கரங்களைத் தண்டவாளத்தில் அழுத்திக் கரண்ட் எடுக்கத்தான் உதவுகிறது. ஒரு துளையால் அது குறைந்துவிடாது. கட்டி திடமாக இருந்தால் முழு ஆழத்தையும் ஒரே மூச்சில் போடாமல், 2 மி.மீ. பிட்டில் வழி காட்டிவிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள்.

துளையை யூனிட்டின் உடம்பைவிட 1 மி.மீ. அகலமாகப் போடுங்கள். சுற்றிலும் அரை மி.மீ. காற்று நிற்கும். சூட்டுக்குக் காற்றைவிட நல்ல தடுப்பு அந்த இடத்தில் வேறு கிடையாது. யூனிட் அசையாமல் இருக்க, அடியில் மட்டும் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் போதும். அந்த டேப்தான் உலோக உடம்புக்கும் கட்டிக்கும் நடுவே மின்தடுப்பும்கூட.

இப்போது சிம்னி. ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். யூனிட்டின் நுனி அதைவிடச் சூடாகும். பழுது பார்க்க என்னிடம் வந்த ஒரு எஞ்சினில் சிம்னியின் விளிம்பு உள்பக்கமாக மடங்கி, யூனிட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. குழல் பிளாஸ்டிக்கை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். அதனால் சிம்னிக்குள் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றை உறையாகச் செருகுங்கள், யூனிட்டின் கழுத்து அதற்குள் தொடாமல் நிற்கட்டும். உங்கள் 4.1 மி.மீ.க்குக் குறுகிய கழுத்து ரகம்தான் சேரும். கழுத்தின் நுனி சிம்னி விளிம்புக்கு மேலே ஒரு மி.மீ. நீண்டிருக்க வேண்டும். உள்ளே அமுங்கிவிட்டால் குளிர்ந்த எண்ணெய் சிம்னிக்குள்ளேயே வழிந்து பாய்லருக்குள் இறங்கும். பார்வைக்கு அந்த ஒரு மி.மீ. பிடிக்காதவர்கள் உண்டு. மங்கிய கறுப்புப் பெயிண்ட் தடவினால் இரண்டு அடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

சூப்பர் க்ளூ எங்கேயும் வேண்டாம். சூட்டில் விட்டுவிடும், அதன் ஆவி பெயிண்டின் மேல் வெள்ளையாகப் படியும். யூனிட்டை ஒட்டாமல் இறுக்கமாகச் செருகி வையுங்கள், என்றைக்கோ ஒரு நாள் மாற்ற வேண்டி வரும்.

#8 ஓம்_விதி

பாய்லருக்குள் போகும் வயர் சாதா பிவிசி உறை போட்டதாக இருக்கக்கூடாது. சிலிக்கோன் அல்லது டெஃப்லான் உறை. எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே வளைந்து கொடுக்கவும் மெல்லிய சிலிக்கோன் வயர்தான் நல்லது. உங்கள் வளைவுகளிலேயே இறுக்கமான வளைவில் எஞ்சினை நிறுத்தி, வயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகு சால்டர் வையுங்கள்.

#9 பல்சக்கரம்

எண்ணெய் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் இங்கே விபரீதப் பரிசோதனைகள் நடக்கின்றன.

கெரோசின் கூடவே கூடாது. 40 டிகிரியை ஒட்டியே அது தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். சூடான கம்பியும், சக்கரத்தில் பறக்கும் பொறியும், மோட்டார் பிரஷ்ஷின் பொறியும் ஒரே எஞ்சினில் இருக்கின்றன.

மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் லிக்விட் பாரஃபின் ஆபத்தில்லை, ஆனால் கனமானது. நுண்குழலில் ஏறத் தயங்கும், ஆவியாக அதிகச் சூடு கேட்கும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டு. தாவர எண்ணெய் எதுவானாலும் சூட்டில் பிசினாக இறுகி நுண்குழலை நிரந்தரமாக அடைத்துவிடும். கிளிசரின், கிளைக்கால் கலந்த மேடைப்புகைத் திரவமும் அப்படியே, கம்பியில் கருகிப் படியும். சாம்பிராணி வாசனை சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வாசனைப் பொருள் எதைச் சேர்த்தாலும் கசடு மிஞ்சும்.

மாடல் ரயிலுக்கென்றே விற்கும் புகை எண்ணெய்தான் ஒரே வழி. விமானத்தில் அனுப்ப மறுப்பார்கள் என்பது உண்மைதான். ஊரில் மாடல் ரயில் பாகம் இறக்குமதி செய்து விற்பவர்களிடம் கேட்டால் சரக்கோடு சேர்த்துக் கொண்டுவருவார்கள். ஒரு தடவைக்குச் சில துளிதான் தேவை, ஒரு சின்ன பாட்டில் வெகுகாலம் வரும்.

வேப் (இ-சிகரெட்) காயிலை எடுத்துச் சொந்தமாகச் செய்யலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்கள். இந்தியாவில் 2019இலேயே இ-சிகரெட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தாகிவிட்டது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

#10 லூப்லைன்

கண்ணாடி மூடி, கிளம்பும்போது மட்டும் புகை என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைந்துவிட்டது. ஆனால் அந்த ஊதுபத்தி நெளிவு? ஃபேன் யூனிட்டாவது சக்கரத்தோடு சேர்ந்து ஊதும். பி8க்கு அதுவே போடலாமே?

#11 பல்சக்கரம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி8 இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஓட்டுசக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ஆவி வெளியேறும். நிஜ எஞ்சினில் அந்தச் சக்கரத்தின் விட்டம் 1750 மி.மீ., சுற்றளவு 5.5 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு இரண்டு குபுக். 60 கி.மீ. தொட்டால் விநாடிக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டைக் கண் பிரித்தறியாது, ஒரே ஓட்டமாகத்தான் தெரியும். அதாவது ஃபேனின் அழகு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும். அதற்காக எச்ஓ பாய்லருக்குள் மோட்டாரும் ஃபேனும் காற்றறையும் வைக்க எடைக்கட்டியில் பெரும்பகுதியை வெட்ட வேண்டும். ஒன்றாம் கேஜ், ஓ கேஜ், தோட்டத்து ரயிலில் செய்யலாம். கையில் இருக்கும் எச்ஓ எஞ்சினில் குழல் யூனிட்தான் என் தேர்வு.

புகையின் தோற்றத்தைப் பற்றியும் ஒன்று. நிஜ எஞ்சினில் கறுப்பாக வருவது சரியாக எரியாத கரி அல்லது எண்ணெய். வெள்ளையாக வருவது குளிர்ந்த நீராவி. குன்னூரில் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சின் நிற்கும்போது பாருங்கள், குளிர்ந்த காலையில் வெள்ளை மலையாய்க் குவியும். அதே எஞ்சின் மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும்போது அதில் பாதிகூடக் கண்ணில் படாது. நம் யூனிட் தருவது வெளிர் சாம்பல் கலந்த வெள்ளை. நின்றுகொண்டிருக்கும் எஞ்சினின் சோம்பலான ஆவிக்கு அந்த நெளிவு பொருத்தமாகவே இருக்கிறது. வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குத்தான் பொருந்தாது.

#12 ஓம்_விதி

அதையே டிகோடரில் செட் செய்யலாம். பச்சை அவுட்புட்டை ஒரு பங்ஷன் பொத்தானுக்கு மாற்றுங்கள், விளக்கோடு சேர்த்து வைக்காதீர்கள். இஎஸ்யு லோக்சவுண்ட் போன்ற டிகோடர்களில் சொய்ட்டே யூனிட்டுக்கென்றே ஒரு அவுட்புட் முறை இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது தானாகவே சக்தியைக் குறைக்கும், ஓடும்போது முழுசாகக் கொடுக்கும். வேறு டிகோடராக இருந்தால் விளக்கை மங்கலாக்கும் சி.வி.யாலேயே (டிகோடரில் மாற்றக்கூடிய அமைப்பு எண்) சூட்டைக் குறைக்கலாம். முதலில் குறைவாக வைத்து, புகை வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பிளாஸ்டிக்குக்கும் நல்லது, எண்ணெயும் மிச்சம்.

டிகோடர் இல்லாமல் அனலாக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே யூனிட்டுக்குப் பாதை வோல்ட்டேஜ்தான். மெதுவாக ஓட்டினால் வோல்ட் குறைவு, புகை வராது. வேகம் கூட்டினால்தான் வரும். நிஜத்துக்கு நேர் எதிர். புகைக்காகவே டிசிசிக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள்.

#13 சிங்காநல்லூர்_லைன்

பொருத்தியாச்சு!

யூனிட் 98 ஓம். என் டிகோடர் ஒரு அவுட்புட்டுக்கு 250 மில்லி ஆம்பியர் தாங்கும்னு கையேடு சொல்லுது, அதனால மாஸ்ஃபெட் தேவைப்படல. எடைக்கட்டி ஈய நிறத்துல மிருதுவான உலோகம், ட்ரில் வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. பித்தளைக் குழாய் ரேடியோ ஏரியல் துண்டு ஒண்ணுல இருந்து வெட்டினேன், 4 மி.மீ. வெளிவிட்டம் கச்சிதமா உட்கார்ந்துச்சு.

எஞ்சினுக்குள்ள போடுறதுக்கு முன்னாடி மேஜை மேலயே, ஒரு கிளிப்புல நிமிர்த்தி வெச்சு, 12 வோல்ட் அடாப்டர்ல ஓட்டிப் பார்த்தேன். 1 மி.லி. சிரிஞ்சுல முனை மழுங்கின ஊசி போட்டு எண்ணெய் விட்டேன். முதல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் நுண்குழல் வாய்ல ஒரு குமிழ் வந்து உடைஞ்சுது, அடுத்தது உடைஞ்சுது, மூணாவதுக்கு மேல குமிழே தெரியல, நேரா ஒரு வெள்ளைக் கோடு எழும்பிடுச்சு. சில நேரம் பொட்டு பொட்டா துப்புது. டிஷ்யூ திரி விட்டு ஒரு துளி எடுத்ததும் நின்னுடுச்சு.

இப்ப எஞ்சினுக்குள்ள. நிக்கும்போது சக்தியை 40 சதவீதத்துல வெச்சிருக்கேன். கிளம்பும்போது முழுசு. பத்து நிமிஷம் ஓட்டிட்டு சிம்னி விளிம்பைத் தொட்டேன், வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான். லூப்லைன் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி தண்டவாளத்துல லேசா எண்ணெய்ப் படலம் இருக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சிடுறேன், டெண்டர் ரப்பர் டயரையும் சேர்த்து.

#14 லூப்லைன்

துடைக்கிறீர்கள் என்றால் சரி. துடைத்த ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் யூனிட்டை ஆன் செய்ய வேண்டும், அதன் ஆவியும் தீப்பற்றும். நின்று கிளம்பும் வீடியோவைப் போடுங்கள், பார்க்க வேண்டும்.

#15 மலையகப்பாதை

நல்லாச் செய்திருக்கிறீங்கள் தம்பி. ஒரு விசயம்: எஞ்சினைப் பெட்டியில படுக்க வைக்க முதல் மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுங்கோ. இல்லாட்டி படுத்த பக்கத்தால ஒழுகிப் பெயிண்டில இறங்கும்.

#16 கிளைப்பாதை

முழுக்க வாசித்தேன், ரொம்ப உபயோகமாக இருந்தது. என்னுடையது ‘என்’ (N) அளவு, 9 மி.மீ. கேஜ். ஆறு பின் டிகோடர். அதிலும் இதே யூனிட் போட முடியுமா?

#17 ஓம்_விதி

இதே யூனிட் நுழையாது. சின்ன ரகம் கிடைத்தாலும் ஆறு பின் சாக்கெட்டில் துணை அவுட்புட் கிடையாது, மோட்டாரும் முன்பின் விளக்கும் மட்டும்தான். பின்விளக்கு அவுட்புட்டைத் தியாகம் செய்தால் பச்சைக்குப் பதிலாக அதை எடுக்கலாம். ஆனால் அந்தச் சாக்கெட்டில் நீல வயரும் இல்லை. யூனிட்டின் மறுகாலைச் சக்கரத்தின் பக்கம் கொடுத்தால் டிசிசி அலையின் ஒரு பாதியில் மட்டும்தான் கரண்ட் பாயும், சக்தி பாதியாகிவிடும். டிகோடர் பலகையில் நீலத்துக்குத் தனியாகச் சால்டர் புள்ளி இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். அவுட்புட் எத்தனை மில்லி ஆம்பியர் என்பதையும் பார்த்து இங்கே எழுதுங்கள், குட்டி டிகோடர்கள் பலவற்றில் அது குறைவாகவே இருக்கும்.